காணிக்கைக்கு வைத்த தக்காளிக்காய்

எழுத நான் யார் என்று மூன்று நாளாகப் பேனாவை மூடி மூடி வைத்தேன். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கத் தெரியாதவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மாமியாரைப் பற்றிச் சொல்ல எங்கள் வீட்டில் இனி வேறு ஆள் இல்லை என்பதால்தான் துணிந்தேன்.

அவரை நினைத்தால் முதலில் ஒரு ஓலைப்பெட்டி கண்ணுக்கு வருகிறது. தானியம் போட்டு வைக்கும் அரங்குவீட்டு இருட்டில் அது இருந்தது. உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத் தை மாதத்தில் எனக்குக் கல்யாணம். திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் கிராமத்திலிருந்து, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே கிணறு இருந்த வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மதுரையில் மில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் அத்தையும் மாமாவும்தான். அத்தை காலை ஜெபம் முடிந்ததும் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு எதையோ மெதுவாகத் திருப்பி வைப்பார். வெளியே வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். என்னவென்று கேட்க எனக்குக் கூச்சம்.

விஷயம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வேதக்கோயிலின் அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் விளைச்சலைக் கொண்டுபோகும். காணிக்கையாக வைத்து ஏலம் போடுவார்கள். வருஷா வருஷம் மாமா கம்பு மூட்டை கொண்டுபோவார். அவர் பெயரைத்தான் வாசிப்பார்கள். அந்த வருஷம் அத்தை மிளகாய்ப் பாத்தி ஓரத்தில் இரண்டு வரிசை தக்காளி போட்டு, இந்தத் தடவை என் கையால் ஒரு பெட்டி பழம் வரும் என்று கோயில் பெண்களிடம் சொல்லிவிட்டார். கரிசலில் சீமைப் பழமா என்று அவர்கள் சிரித்திருக்கிறார்கள். மழை ஏமாற்றியது. கிணறு சேறானது. மிளகாய்க்கே தண்ணீர் காணவில்லை, செடியைப் பிடுங்கு என்று மாமா சொல்லிவிட்டார். அத்தை காயெல்லாம் பச்சையாகவே பறித்து, வரகு வைக்கோல் பரப்பி அடுக்கடுக்காக வைத்து, பண்டிகைக்குள் பழுத்துவிடும் என்று காத்திருந்தார்.

நான் வந்த இரண்டாவது வாரம், அத்தையின் மகளுக்குப் பிரசவ வலி என்று பந்தல்குடியிலிருந்து ஆள் வந்தது. "போயிட்டு வாரேன் தாயி. மாமாவுக்குக் கஞ்சி குடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அத்தை வண்டி ஏறினார். மறுநாள் காலை அரங்குவீட்டில் ஒரு புளித்த நாற்றம். பெட்டியைத் திறந்தேன். ஒரு காய் அழுகியிருந்தது. சில காய்களில் மஞ்சள் ஓடியிருந்தது. எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் புளிதான். தக்காளியை அருப்புக்கோட்டைச் சந்தையில் சிவப்பாகப் பார்த்திருக்கிறேனே தவிர, பச்சையில் பார்த்ததில்லை. ஏதோ வற்றல் போடும் காய், கல்யாண வேலையில் அத்தைக்குப் போட நேரம் கிடைக்கவில்லை, இன்னும் விட்டால் முற்றி வீணாகும் என்று நினைத்தேன். அத்தையிடம் ஒரு நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அத்தனையையும் கழுவிக் கீறி, உப்பு மோரில் ஊறப்போட்டு, நடுப்பகலுக்குள் முற்றத்துப் பாயில் காயவைத்துவிட்டேன்.

காட்டு வேலை முடித்து வந்த மாமா பாயைப் பார்த்தார். "ஏ தாயி, அது உங்கத்த பழுக்க வச்ச தக்காளில்ல" என்றார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறியது. பண்டிகைக் கதையையும் அப்போதுதான் சொன்னார். எனக்குத் திருச்சுழிக்கே நடந்துவிடலாமா என்றிருந்தது. இன்று பந்தல்குடி ரோட்டில் லாரி லாரியாகத் தக்காளி போகிறது. பச்சைக் காயைக் கண்டால் இப்போதும் என் கை தயங்கும்.

பொழுது சாய அத்தை வந்தார். பேத்தி பிறந்த செய்தியைச் சொல்ல வாயெடுத்தவர் பாயைப் பார்த்து நின்றுவிட்டார். உள்ளே போய் வெறும் வைக்கோலில் கையை விட்டுப் பார்த்தார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

"அப்ப இந்த வருசமும் கம்பு மூட்டதேன்" என்றார் மாமா.

அத்தை பாய் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். வெகுநேரம் மென்றார். "உப்பு சரியாத்தேன் இருக்கு. நாளைக்கும் மோருல போடு" என்றார்.

பண்டிகையன்று பூசணிக்காயும் சேவலும் கம்பு மூட்டையும் வரிசையாக இருந்தன. அத்தை வற்றல் பரப்பிய ஒரு சுளகை வைத்துத் துணியை விலக்கினார். சுருங்கிக் கறுத்த துண்டுகள்.

"பழம் எங்க மதினி? காஞ்ச தவளயக் கொண்டாந்திருக்கீக" என்றாள் ஒருத்தி. பெண்கள் பக்கம் முழுக்கச் சிரிப்பு. நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆராதனை நடத்தும் உபதேசியார் சுளகைத் தூக்கி, வழக்கம்போல மாமாவின் பெயரைச் சொல்லப் போனார்.

அத்தை எழுந்து நின்றார். "அவுக பேரு வேண்டாம் ஐயா. காய் என்னுது, கை எம்மருமக கை. ரெண்டு பேரு பேரையும் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. உபதேசியார் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். பிறகு உபதேசியார் எங்கள் இருவர் பெயரையும் உரக்கச் சொன்னார். கல்யாணத்தன்று தவிர அந்தக் கோயிலில் என் பெயரை யாரும் சொன்னதில்லை. அத்தை கையை நீட்டி என்னைத் தூணிலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஏலம் கேட்க ஆளில்லை. உபதேசியார் மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு விலை கேட்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த வற்றலைப் பொரித்தோம். ஒரே புளிப்பு. மாமா மட்டும் கம்மங்கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டு, ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டுக் காட்டுக்குப் போனார்.