வெர்னனின் நரியும் கொக்கும்

இங்கிலாந்தில் பீங்கானுக்குப் பேர்போன பர்ஸ்லத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் வெர்னன் கார்ட்லிஜ். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தைகளில் அலைந்து, விக்டோரியா ராணி காலத்துப் பீங்கான் பொம்மைகளைச் சேர்த்தார். நாயும் குதிரைவீரனும் அவருக்கு வேண்டாம். கதைப் பொம்மைகள்தான் வேண்டும். ஜாடிக்குள் மூக்கு நுழையாமல் விழிக்கும் நரி, பக்கத்தில் ஆற அமரத் தின்னும் கொக்கு. ஓடையோரம் ஆட்டுக்குட்டியை முறைக்கும் ஓநாய். எல்லாம் உள்ளூர்ச் சூளையில் வெந்தவை. பளபளப்புக்கு மேலே பூசிய வண்ணம் தேய்த்தால் உரிந்துவிடும் என்பதால், மெல்லிய தூரிகையால்தான் தூசு தட்டுவார்.

போன மார்ச்சில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல்: "ஆமா." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாலும் அதுதான் வந்தது. தலையும் அதற்கேற்பவே ஆடியது.

பக்கத்து ஊரான லீக்கிலிருந்து அவருடைய அக்கா பெரில் வந்து தங்கினாள். வீட்டில் தூசு கண்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

"ஏண்டா, இந்த நரி மூஞ்சியெல்லாம் இப்படி அழுக்கேறிக் கிடக்கே. கழுவிடட்டுமா?"

வேண்டவே வேண்டாம் என்று கத்தப் பார்த்தார். "ஆமா," என்றார். "ஆமா, ஆமா!"

"பாரேன், அவசரத்தை!" என்று சிரித்தபடி அலமாரியிலிருந்த பொம்மைகளை அள்ளிக்கொண்டு போனாள்.

அடுக்களையில் வெந்நீர் கொட்டும் சத்தம் கேட்டது. பிறகு பிரஷ் கரகரவென்று தேய்க்கும் சத்தம். இடது கையால் நாற்காலியை அடித்தார். "வந்துட்டேன், வந்துட்டேன், டீதானே?" என்று குரல் மட்டும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. பெரில் ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றாள். கையிலிருந்த நரிக்குக் கண் இல்லை; செம்பட்டை நிறம் போய் முதுகு வெள்ளையாயிருந்தது.

"தண்ணியெல்லாம் செவப்பா போச்சுடா வெர்னன்... நான் கெடுத்துட்டேனா?"

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? போகட்டும் விடு என்று சொல்லத்தான் நினைத்தார்.

"ஆமா," என்றது வாய்.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எழுந்து போய்த் தோளைத் தொடக்கூட அவரால் முடியவில்லை. நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கம்பளத்தின் அகலம்தான் இருந்தது.

சாயங்காலம் ஓட்ஸ் தோசையில் சீஸை உருக்கி, துண்டு துண்டாக்கி ஊட்டினாள். இரண்டு பேரும் அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை.