உச்சிப்புளியில் ஓர் அப்டேட்காரன்

நேற்று வரை நன்றாக ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எங்கள் தொழில். எழுத்துரு, வானிலை, தையல் என்று ஆயிரக்கணக்கான மென்பொருள்கள் சேர்ந்த இலவசத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் எது புதிதாகச் சேர்ந்தது, எது மாறியது என்று தினமும் பார்த்து வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டும். உச்சிப்புளியில் வீட்டிலிருந்தே செய்கிறேன். பழகிய பொத்தானைத் திடீரென்று ஒருநாள் காணாமல் தேடியிருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான்.

அழகான எழுத்து

முருகவேல் அண்ணன் அபிராமத்தில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர். அவருடைய தமிழ் எழுத்துருவுக்குப் புதுப் பதிப்பு வந்தது. சுழியெல்லாம் திருத்தமாக இருந்ததால் போட்டுக்கொள்ளச் சொன்னேன். எழுத்துகள் மயிரிழை அளவு அகலமாகியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. பத்திரிகை அடித்து முடித்த பிறகு போன் செய்தார். குரலில் கோபமே இல்லை.

"எழுத்து அம்சமாத்தான் இருக்கு தம்பி. பொண்ணோட அப்பா பேருதான் அடுத்த பக்கத்துக்குப் போயிருச்சு."

கைவிடப்பட்டது

கீழக்கரை ஆயிஷா அக்கா எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறார். அவருடைய டிசைன் மென்பொருளை எழுதியவர் வருடக்கணக்காக எட்டிப் பார்க்காததால், தொகுப்பிலிருந்து அதை நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. வேறொன்றுக்கு மாறச் சொல்ல நேரிலேயே போனேன். பழைய டிசைன்களைப் புதியது திறக்குமா என்றார். பாதி திறக்காது என்றேன். மெஷினை நிறுத்தாமலே சொன்னார்:

"யாரும் தொடாததாலதான் தம்பி இது ஒழுங்கா ஓடுது. நீங்களும் தொடாதீங்க."

பதினாலு

பாம்பனில் ஒரு நாட்டுப்படகுச் சங்கத்தின் அறையில் காற்றின் வேகத்தைக் காட்டும் திரை எங்கள் பொறுப்பு. வாடைக்கால மத்தியானம் ஒன்றில் அன்றைய மாற்றங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். காற்று மென்பொருள் இனி மணிக்குக் கிலோமீட்டரில் அல்ல, நொடிக்கு மீட்டரில் காட்டும் என்று ஒரு வரி. சங்கத்துக் கம்ப்யூட்டர் அதைத் தானாகவே ஏற்றிக்கொண்டிருந்தது. திரையில் வெறும் எண்ணாகப் பதினாலு, நிஜத்தில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்.

செயலாளர் அந்தோணிக்குப் போன் போட்டேன். வாடைக்காற்று படாத தென்கரை மறைவில் கடல் அமைதியாகத்தான் தெரிகிறது, ஒரு படகு கிளம்பிவிட்டது என்றார். மற்றவர்களை நிறுத்தினார். போன படகை வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்; பதில் இல்லை. உச்சிப்புளியிலிருந்து நான் செய்ய ஒன்றும் இல்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். மறைவைத் தாண்டியதும் அலையைப் பார்த்துவிட்டுப் படகு தானே திரும்பியது. கரையேறிய படகுக்காரர் சேவியர், அந்தோணியிடமிருந்து போனை வாங்கி நிதானமாகக் கேட்டார்:

"ஏன் தம்பி, காத்துக்குமா அப்டேட் போடுறீக?"

இத்தனைக்கும் பிறகு, என் சொந்த லேப்டாப்பில் வருகிற அப்டேட்டை மட்டும் தினமும் 'நாளை நினைவூட்டு' என்று தள்ளிவிட்டுத்தான் வேலைக்கு உட்காருகிறேன்.