கோர்ட்டில் விரித்த அரக்குப் புடவை

இன்று கோர்ட்டில் சாட்சிக் கூண்டு ஏறினேன்!

டவாலி சேவகன் வாசலில் நின்று என் பெயரை மூன்று முறை கத்தினான். (கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரே என் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை!)

விஷயம் இதுதான். வைகாசி கருட சேவை அன்று விடியலில், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு மொத்தமும் கோபுர வாசலில் நின்றது. நாங்களும்தான்.

திரும்பி வந்து பார்த்தால் பின்கட்டில் ஓடு பிரிந்து கிடந்தது. பெட்டி வாயைத் திறந்து கிடந்தது. என் முகூர்த்தப் புடவையைக் காணோம்! அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை.

கொஞ்ச நாளில் போலீஸ் ஓர் ஆளைப் பிடித்தது. செவிலிமேட்டுக் கன்னியப்பன். கூலிக்குத் தறி நெய்கிறவன். திருட்டுக்காக முன்பே இரண்டு தடவை ஜெயிலுக்குப் போனவன். அவன் வீட்டுப் பானைக்குள் அரக்குப் பட்டுப் புடவை ஒன்று இருந்ததாம்.

ஸ்டேஷனில் அதை மடித்தபடியே தூர வைத்துக் காட்டினார்கள். "நிறம் அதே நிறம்தாங்க" என்றேன். தொடக்கூட விடவில்லை.

இன்று காலை கோர்ட்டு வேப்பமரத்தடியில் ஏட்டு என்னிடம் வந்தார்.

"பயப்படாதமா. இது உன் பொடவயான்னு கேப்பாங்க. ஆமான்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

"ஒரு தபா பிரிச்சுப் பாத்துக்கட்டுமா ஐயா?"

"இது இன்னா ஜவுளிக்கடையா, பிரிச்சுப் பாக்குறதுக்கு?"

என் வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். (போலீஸின் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தாலே இரண்டு கும்பிடு போடுவார்.) காதோரம் வந்து சொன்னார்:

"ஏட்டு சொல்றாப்ல சொல்லிட்டு எறங்கு. கடைய வச்சுக்கினு இவங்களோட மல்லுக்கட்ட முடியாது."

எங்கள் வழக்குக்கு முன்னால் வேறொரு வழக்கு. இரண்டு பேர் ஒரு வீட்டுச் சுவரில் கன்னம் வைத்து ஓட்டை போட்டுப் பித்தளைப் பாத்திரங்களை எடுத்திருக்கிறார்கள். இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் தடவை மாட்டியவனுக்கு ஆறு மாதம்.

மற்றவனுக்குப் பழைய தண்டனை இருந்தது. அதே சுவர், அதே ஓட்டை, அதே பாத்திரம். அவனுக்கு இரண்டு வருஷம் கடுங்காவல்!

கன்னியப்பனுக்குப் பழைய தண்டனையே இரண்டு. நான் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை வருஷம்?

வழக்கைக் கூப்பிட்டார்கள். போலீஸ் தரப்பு இன்ஸ்பெக்டர் எழுந்ததும், "எதிரி கன்னியப்பன் பழைய கேடி, ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தார்.

மாஜிஸ்திரேட் கையைத் தூக்கினார். "அது இப்போது வேண்டாம். குற்றம் ருசுவானால் தண்டனை போடும்போது பழசைப் பார்க்கிறேன். முன்பு திருடியதால் இதையும் திருடினான் என்று ஆகாது."

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அடுத்தது நான்!

"இது உன் புடவையா?"

"பிரிச்சுப் பாக்கணும் சாமி."

மாஜிஸ்திரேட் தலையசைத்தார். சேவகன் ஒரு நுனியையும் நான் ஒரு நுனியையும் பிடித்து விரித்தோம்.

கல்யாணமான வருஷம் கற்பூரம் விழுந்து என் முந்தானை பொத்துவிட்டது. நானே இழையோட்டி அடைத்தேன். மட்டமான தையல், தடவினாலே விரலில் இடறும்.

தடவினேன். இல்லை. மறுபடி தடவினேன்.

இருந்துவிடக் கூடாதா என்றுதான் தேடினேன். இருந்தால் ஏட்டுக்கு நல்லது, வீட்டுக்காரருக்கு நல்லது, எனக்கும் புடவை கிடைக்கும்.

இல்லவே இல்லை! கரையில் வேறு, ஒரு முழத்துக்கு இழை தப்பி நெய்திருந்தது. என் புடவைக் கரையில் அப்படி ஒரு பிழையும் கிடையாது.

ஏட்டு என்னையே பார்த்தார். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"என்னுது இல்ல சாமி."

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "ஸ்டேஷன்ல உன்னுதுன்னு சொன்னியேமா?"

"நெறம் அதேன்னுதான் சொன்னேங்க. காஞ்சிபுரத்துல இந்த நெறம் எத்தினி வூட்ல இருக்குது!"

எல்லாரும் சிரித்தார்கள். பொய்ப் புகார் என்று என்னையே உள்ளே தள்ளிவிடுவார்களோ?

கன்னியப்பனுக்கு வக்கீல் கிடையாது. அவன் மனைவி முனியம்மா சாட்சிக்கு வந்தாள்.

"கரையில இழ தப்பிப்போன பொடவ சாமி. விக்காதுன்னு மொதலாளி ஓரமாப் போட்டாரு. நான் கேட்டு வாங்கிக்கினேன்."

"முதலாளி ஏன் சாட்சிக்கு வரவில்லை?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"போலீசுன்னா பயம் சாமி."

"பானையில் எதற்கு வைத்தாய்?"

"எங்க வூட்ல பொட்டி ஏது சாமி?"

மாஜிஸ்திரேட் வெகுநேரம் எழுதினார். கூண்டுக் கட்டையைப் பிடித்திருந்த கன்னியப்பனின் விரல்கள் வெளுத்திருந்தன.

பிறகு படித்தார். அந்தப் புடவை திருட்டுச் சொத்து என்பதற்கு ருசு இல்லை. அவன் வீடு புகுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. எதிரி விடுதலை. புடவையை அவனிடமே கொடுக்கவும்!

வெளியே வந்ததும் ஏட்டு பின்னாலேயே வந்தார். "இனிமே உன் வூட்ல திருடு போனா ஸ்டேஷன் பக்கம் வராதமா."

வீட்டுக்காரர் மாட்டு வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்தவன் இன்னும் ஊருக்குள் எங்கேயோ இருக்கிறான். அதை நினைத்துக்கொண்டே நடந்தபோது முனியம்மா எதிரே வந்து நின்றாள். புடவையை மார்போடு அணைத்திருந்தாள். என் புகாரால்தானே அவள் புருஷன் இத்தனை நாள் உள்ளே இருந்தான்? திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"யம்மா, அடுத்த தபா எவ வூட்ல திருடு போனாலும் போலீசு வந்து இதத்தான் எடுத்துக்கினு போவாங்க. அவ ஆமான்னு சொல்லிட்டா? நீ வந்து இல்லன்னு சொல்வியா?"

ஏட்டு நாலடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வரேன்மா" என்றேன். அவருக்கும் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்!

(அப்புறம் வண்டி ஏறும்வரை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.)