உப்புச் சாடியில் ஒரு கோடு

அந்தக் கண்ணாடிச் சாடியின் நடுவில், காயத்துக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒட்டியவர் எங்கள் சிஸ்டர். அருப்புக்கோட்டையில் நான் கணக்கு எழுதிய மருத்துவமனையில், வீடு திரும்பிய நோயாளிகளை ஒரு மாதம்வரை வாராவாரம் தேடிப்போய்ப் பார்ப்பது அவர் வேலை. அதைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒருநாள் அவரோடு திருச்சுழிக்கு அப்பால் ஓர் ஊருக்கு பஸ் ஏறினேன்.

அந்த வீட்டுக்காரர் ஆடு மேய்ப்பவர். இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மூச்சு வாங்கி, மூன்று முறை எங்களிடம் வந்து படுத்தவர். ஒவ்வொரு முறையும் உப்பைக் குறைக்கச் சொல்லித்தான் அனுப்பினோம். அவருக்கு உப்பில்லாமல்தான் சமைப்பதாக மனைவி அடித்துச் சொன்னார். சிஸ்டர் மறுத்துப் பேசாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கோ பஸ் போய்விடுமே என்று எரிச்சல். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் ஒரு செம்பு நீராகாரத்தில் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் குடித்தார்.

"என்னண்ணே இது?" என்றார் சிஸ்டர்.

"இது தண்ணிதானம்மா. வெயில்ல ஆட்டுக்குப் பின்னால நடக்கவேணாமா?"

சிஸ்டர் உப்புச் சாடியில், உப்பு மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே பிளாஸ்திரியை ஒட்டினார். "அடுத்த வாரம் வாரேன். அதுவரைக்கும் உப்பு இந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது. நீராகாரத்துக்கும் சேத்துத்தான்."

ஒரு நாளைக்கு மூன்றே வீடுதான் பார்க்க முடியும். அவர் சம்பளம், பஸ், நேரம் எல்லாம் என் தாளில் ஏறின. திரும்ப வந்து படுக்காத நோயாளியை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். போனில் விசாரித்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே சிஸ்டரை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். "போன்ல உப்பு தெரியாது சார்" என்றார், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சில வாரங்களில் அந்த மனிதர் மறுபடி வந்து சேர்ந்தார். இந்த முறை பிழைக்கவில்லை. சிஸ்டர் துக்கம் கேட்கப் போனபோது நானும் போனேன். சாடியில் உப்பு சரியாகக் கோட்டில் நின்றது. எனக்கு ஒரு நொடி, வெட்கக்கேடு, நிம்மதியாக இருந்தது.

"நீங்க வந்து பாத்தா சங்கடப்படுவீகன்னு, கோட்டுக்கு வந்ததும் சாடியத் தொடவே விடலம்மா" என்றார் அவர் மனைவி. "போன்ல கேட்டாக, கோட்டுலதான் நிக்குதுன்னு சொன்னேன். எங்க வீட்டுக்காரவுக மடியில வேற உப்புப் பாக்கெட்டு வச்சிருந்தது எனக்கே பெறகுதான் தெரியும்."

இப்போது வேறொரு மருத்துவமனையில், இதே போன்ற ஏற்பாடு கட்டுபடியாகுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிஸ்டர் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சத்தியம் பண்ண முடியாது. செலவும் பொய்யில்லை. ஆனாலும் தாளை விரித்தால் எழுத வரவில்லை. அடுத்த வாரம் வருவேன் என்று சிஸ்டர் சொன்னதற்காக அந்த உப்பு கோட்டிலேயே காத்திருந்தது. அவரைப் போகவிடாமல் செய்தவன் நான்.