பார்லர்க்காரி முகத்தில் பரு

அந்தத் தெருவில் அவளுக்கு 'பளபளா' என்று பெயர். வைத்தது வாடிக்கைக்காரப் பெண்கள். ஐம்பதை நெருங்கியும் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. பார்லருக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை, வாசலைப் பார்த்த முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் நின்றாலே போதும்.

சிகரெட் புகையைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. அநியாயம்தான், யாரிடம் போய் நியாயம் கேட்பது? நல்லவேளை, அவளுக்கு வந்த வகையைக் குறிபார்த்து அடிக்கிற மாத்திரை ஒன்று இருந்தது. தினமும் விழுங்க வேண்டும். முடி கொட்டாது என்று நர்ஸ் சொன்னதும் பாதி உயிர் திரும்பி வந்துவிட்டது. பரு மாதிரித் தடிப்பு வரும், வயிறு போகும், வாய் புண்ணாகும், நகக்கண் வீங்கும், மூச்சு வாங்கினால் உடனே ஓடி வர வேண்டும் என்று நர்ஸ் மிச்சத்தையும் சொன்னாள். அதெல்லாம் இவள் காதில் ஏறினால்தானே!

பரு வந்தது. மூக்கு, கன்னம், நெஞ்சு, ஒரு இடம் பாக்கியில்லை.

"காலம் பூரா ஊரார் பருவைப் பாத்தவ நான். எங்கிட்டயேவா?" என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். ஆவி பிடித்தாள், தேய்த்தாள், பருவைக் காயவைக்கிற களிம்பை அப்பினாள். எண்ணெய் வழியும் இளவட்ட முகங்களுக்கான வைத்தியம் அது. மருந்தால் ஏற்கெனவே வறண்டு கிடந்த தோல், வெந்நீர் கொட்டியது போலச் சிவந்து உரிந்தது. தொழில் தெரிந்தவள் என்ற திமிர் செய்த வேலை.

பார்லரில் பாதிப் பங்கு நாத்தனாருடையது. நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. முகம் தெளியிற வரைக்கும் உள் ரூம்ல இருங்களேன். கல்யாணப் பொண்ணுங்க வர்ற நேரம், பயந்துக்குவாங்க."

உள் அறையில் துண்டு மடிப்பது ஒரு வேலையா? அவமானம் பிடுங்கித் தின்றது. யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் சிவப்பு அடங்கியது, பரு உதிர்ந்தது.

"பாத்தீங்களா, பழைய பளபளா வந்தாச்சு!" என்று கன்னத்தைக் கிள்ளினாள் நாத்தனார்.

பளபளா கண்ணாடியைப் பார்த்தாள். வெளியே எல்லாம் சரியாகிவிட்டது, உள்ளே அந்த நோய் என்ன ஆட்டம் போடுகிறதோ? போட்டது போட்டபடி மருத்துவமனைக்கு ஓடினாள்.

"உங்க இஷ்டத்துக்கு நிறுத்துவீங்களாக்கா?" நர்ஸ் கொதித்துப் போனாள். "தாங்கலைன்னா எங்ககிட்ட சொல்லணும். க்ரீம் இருக்கு, டாக்டர் டோஸைக் குறைப்பாரு."

"திட்டுங்க சிஸ்டர், நல்லா திட்டுங்க. மாத்திரைய மட்டும் குடுத்துருங்க."

டாக்டர் அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார். தோல் வறளாமல் இருக்க ஒரு க்ரீம், வெயிலுக்கு ஒன்று. பரு திரும்பி வந்தது, முன்பை விடக் கொஞ்சம் குறைவாக. அதை வைத்து மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்று கணக்குப் போடக் கூடாது என்றாள் நர்ஸ். இவள் போட்டாள், பரு இருக்கிற வரை மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று.

மறுநாள் முதல் நாற்காலி மேல் இருந்த நாத்தனாரின் கைப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள். நகக்கண் வெடித்து, புருவம் திருத்தும் நூலை இழுத்தால் சுருக்கென்று குத்தியது. விரலுக்குப் பிளாஸ்டர் சுற்றிக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றாள்.

கல்யாணப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். பளபளாவின் முகத்தைப் பார்த்து வாசலிலேயே தயங்கினாள்.

"இது... தொத்துமா?"

"தொத்தாது. எனக்குக் கேன்சர். மருந்து சாப்பிடுறேன், அதனால வந்தது. வேற ஆள் வேணும்னா உள்ள இருக்காங்க, தாராளமா போங்க."

அந்த அம்மா உள்ளே போகவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

"போச்சு!" நாத்தனாருக்கு அழுகையே வந்துவிட்டது. "இது எப்பத்தான் அண்ணி தெளியும்?"

"தெளிய வேணாம்டி," என்றாள் பளபளா. "தெளிஞ்சப்போ பயந்தேன் பாரு, அந்த பயம் எனக்கு இனிமே வேணாம். போறவங்க போகட்டும். உயிரோட இருக்கற மூஞ்சி இது, இங்கதான் நிக்கும்."