பட்டுப்புழுவும் ராமேஸ்வரம் வேனும்

பட்டுப்புழு தேதி பார்த்துத் தோல் உரிப்பதில்லை. அத்தை பேசிவைத்த வேனோ தேதி தவறாமல் கிளம்பும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டபோது எனக்குப் பதினேழு வயது.

பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் கல்யாணப் பேச்சு வரும் என்பதால் ஆறு மாதப் பட்டு வளர்ப்புப் பயிற்சியில் சேர்ந்தேன். கடைசியில் ஒரு மாதம் ஏதாவது ஒரு சாக்கி சென்டரில் இருந்து வேலை பழக வேண்டும். சாக்கி சென்டர் என்றால் இளம்புழு வளர்க்கும் இடம். முட்டை பொரிந்ததிலிருந்து இரண்டு முறை தோல் உரிக்கும்வரை, எட்டு ஒன்பது நாள், புழுவை அங்கே வைத்து வளர்த்து, பிறகு தட்டுத் தட்டாக விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். இண்டூர்ப் பக்கம் எங்கள் வீடு. சென்டர் அதியமான்கோட்டைக்கு அருகில். தினமும் இரண்டு பஸ் மாறிப் போனேன்.

சென்டரை நடத்தியவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. அவருடைய சட்டம் ஒன்றுதான்.

"ஒரு பேட்ச் எடுத்தா முடிக்கற வரைக்கும் ஒரே கை. நடுவுல கை மாறுச்சின்னா கையெழுத்து கெடையாது. லீவு கீவுன்னு வந்து நிக்காத."

இரண்டு பேட்ச் முடித்தால் என் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இருந்தால் சான்றிதழ். சான்றிதழோடு மாதக் கடைசிக்குள் போய் நின்றால் ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் வேலை, தங்க இடம், சாப்பாடு. வீட்டைவிட்டு வெளியே போக அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அப்பா போர்வெல் வண்டியில் வேலை செய்தார். வடக்கே போனால் பத்து மாதம் கழித்து வருவார், இருபது நாள் இருப்பார். அந்த முறை வந்தபோது, தர்மபுரியில் இருந்த அவருடைய அக்கா, என் அத்தை, வேன் பேசியிருந்தாள். ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி. நான்கு நாள். எங்கள் மூவருக்கும் இடம் பிடித்துவைத்திருந்தாள். அம்மா கடலைப் பார்த்ததில்லை. தக்காளி பறிக்கப் போன காட்டிலெல்லாம் சொல்லிவிட்டாள்.

முதல் பேட்ச் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது பேட்ச் செவ்வாய்க்கிழமை முடியும், வேன் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். சனிக்கிழமை மழை பிடித்தது. கரண்ட் போனது. ஹீட்டர் ஓடவில்லை. குளிரில் புழு மந்தமாகிவிட்டது. திங்கள்கிழமை சாயந்தரம் இரண்டாம் தோலுக்குப் படுத்திருக்க வேண்டிய புழு, இன்னும் இலையைக் கொறித்துக்கொண்டே இருந்தது. வியாழக்கிழமைக்கு முன் முடியாது என்று தெரிந்துபோனது.

அன்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நீ வரலன்னா நானும் போவல. வயசுப் புள்ளய வூட்ல தனியா வுட்டுட்டு நான் போயி கடலுல காலு நனைக்கறதா?"

"அப்பா அடுத்த வருசம் கூட்டிக்கிட்டுப் போவாரும்மா."

"ஆமா, போவாரு. பதினெட்டு வருசமா அடுத்த வருசந்தான்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அந்தம்மா, தூரமானவங்கள புழு ஷெட்டுக்குள்ள வுடமாட்டாங்கன்னு சொன்னியே?"

உண்மைதான். மாதவிலக்கு வந்தால் மூன்று நாள் உள்ளே வரக் கூடாது, புழுவுக்கு நோய் வரும் என்று அக்கா நம்பினார். தனக்கு வந்தால் தானும் உள்ளே போக மாட்டார். அந்தக் காரணத்துக்காகக் கை மாறினால் மட்டும் அவர் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. கையெழுத்தும் கிடைக்கும், வேனும் கிடைக்கும். அம்மா சொன்ன பொய்யில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இலையைப் போட்டு முடித்துவிட்டு அக்காவிடம் சொன்னேன்.

"ஐயோ, அத ஏன் உள்ள நின்னுக்கிட்டே சொல்ற? வெளிய வா மொதல்ல."

திட்டுவார் என்று நினைத்தேன். டீ போட்டுக் கொடுத்தார். மாத்திரை வேண்டுமா என்றார். அலமாரியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துத் தாளில் சுற்றி என் பையில் வைத்தார்.

"மூஞ்சத் தொங்கப் போடாத. இது உங்கைல இல்ல. மிச்சத்த நான் பாத்துக்கறன். கையெழுத்துக்கு நானாச்சி."

பிறகு போனை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார். "பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போவாத. உங்க வூட்டுக்குச் சொல்லிட்டன். உங்கப்பா வண்டி எடுத்துக்கிட்டு வருவாரு."

பயிற்சி ஃபாரத்தில் அப்பாவின் நம்பர்தான் இருந்தது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்து வேனுக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள் அத்தை. போனை எடுத்தது அவள்.

அப்பா வந்து என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வாசலில் இறங்கியதும் அத்தையின் குரல்தான் முதலில் வந்தது.

"அங்கயே நில்லு. பின்பக்கமா சுத்திப் போ."

எல்லாம் எனக்குப் புரிந்தது. அத்தை அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

"கோயிலுக்குப் போற வண்டி இது. பன்னெண்டு பேரு சுத்தபத்தமா வர்றாங்க. நாலு நாளு இவள எங்க வெக்கறது? ஸ்டெப்னியோட சேத்து வண்டி மேல கட்டிக்கிட்டுப் போறதா?"

"அப்ப நானும் வரல அண்ணி."

"உனக்கு இன்னா வந்துச்சி? பக்கத்து வூட்ல சொல்லிட்டு வா."

"இல்லீங்க அண்ணி. புள்ளய வுட்டுட்டு வர மாட்டன்."

அப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதிரி விஷயத்தில் ஆம்பிளை வாய் திறக்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

நான் பின்பக்கம் குளியலறைச் சுவரோரம் உட்கார்ந்தேன். அம்மா காபி கொண்டுவந்தாள். பொய் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அத்தை ஜன்னலில் நின்றதால் டம்ளரை எட்டத் தரையில் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"நானே அண்ணிகிட்ட உண்மயச் சொல்லிடறன்."

"அத்த வாயி தர்மபுரி பஸ் ஸ்டாண்டும்மா. அக்கா நம்பரு வேற இப்ப அது கைல. சாயந்தரத்துக்குள்ள கையெழுத்து போயிடும்."

"அப்ப சும்மா இரு. கடலு எங்கயும் போயிடாது."

உள்ளே போனாள். பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப்புடவையைப் பையிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தாள். முகத்தில் கோபம்கூட இல்லை. பழகிய வேலையைச் செய்கிற மாதிரி வைத்தாள். அழுதிருந்தால் நான் என் கையெழுத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். "என்னத் திரும்ப சென்டர்லயே கொண்டுபோயி வுடுங்க. நாலு நாளு அங்க இருந்துக்கறன். அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்க."

அத்தைக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அம்மாதான் என்னை வெறித்துப் பார்த்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

சென்டரை ஒட்டியிருந்த அக்காவின் வீட்டில் நான்கு நாள் அந்தப் பொய்யோடு இருக்க முடியாது. அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பாதி வழியில் அப்பாவிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவலப்பா. அக்காகிட்ட பொய் சொன்னன்."

அவர் வண்டியை விட்டு இறங்கவில்லை. ரோட்டையே பார்த்தார்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் சொல்லச் சொல்லுச்சி."

"ரெண்டு பேரும் சேந்து புழுவ ஏமாத்துனீங்களா?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அந்தம்மாகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம். நானே சொல்றன்."

அக்கா ஷெட்டுக்கு வெளியே பலகையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். கத்தி நின்றது.

"பொய் சொல்ல உனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?"

கத்தியைக் கீழே வைத்தார்.

"மத்தியானம் இலை போட்டது யாரு?"

"நீங்க."

"இப்ப போடப் போறது?"

"நீங்க."

"அப்ப கை மாறிடுச்சி. இந்த பேட்சுக்குக் கையெழுத்து இல்ல." பிறகு அப்பாவிடம், "நீங்க கெளம்புங்க. பொண்ணு இங்க இருக்கட்டும். சோறு போடறன். வேலயும் வாங்குவன்" என்றார். அப்பா போன பிறகு என்னிடம், "ஒரு வாரத்துல அடுத்த முட்ட வருது. வேணும்னா அத எடு. ஓசூருக்காரன் உனக்காகக் காத்துக்கிட்டிருக்க மாட்டான், அதயும் தெரிஞ்சிக்க" என்றார்.

வேன் போனது. அம்மாவும் போனாள். ராமேஸ்வரத்திலிருந்து கூப்பிட்டாள். காற்று இரைச்சலில் பாதி கேட்கவில்லை. "உப்பு உப்புன்னாங்க. நக்கிப் பாத்தன். நெசமாவே உப்புதான்" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நான் அப்போது காலித் தட்டுகளை பிளீச்சிங் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஓசூர் வேலை வேறொருத்திக்குப் போனது. அதற்குப் பிறகு திருப்பூர், பெல்லாரி, புனே என்று எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறேன். எங்கும் அதைப் போல அறையும் சாப்பாடும் சேர்ந்து அமையவில்லை.

அடுத்த முட்டை வந்தது. எடுத்தேன். நான்காம் நாள் காலை, சென்டரின் கழிப்பறையில், உண்மையாகவே வந்துவிட்டது.

சொன்னால் அக்கா நம்ப மாட்டார். நம்பினாலும் நான் எப்படி நிரூபிப்பது? சொல்லாமல் உள்ளே போனால் புழுவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அக்காவின் நம்பிக்கையில் பாதி என்னிடமும் இருந்தது. கதவருகே மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"ஏன் புள்ள மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"பஸ்ஸுல கூட்டங்க்கா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "ஓரத் தட்டு ரெண்டும் ஈரமா இருக்குது. பாத்து சுண்ணாம்பு தூவு" என்றார். நான் உள்ளே போனேன்.

அதன் பிறகு ஐந்து நாள் ஒவ்வொரு வேளையும் தட்டை மூடிய தாளை மெல்லத் தூக்கினேன். எந்தத் தட்டிலாவது புழு பழுப்பேறிக் கிடக்கிறதா, நாற்றம் வருகிறதா என்று பார்த்தேன். இலை தின்றன. படுத்தன. ஒரே நாளில் எல்லாத் தட்டிலும் தோல் உரித்து எழுந்தன. வத்தல்மலை அடிவாரத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "ஒரே சீரா இருக்குதுங்கம்மா. போன தடவ இப்புடி இல்லீங்க" என்றார்.

"இந்தப் பொண்ணு கை" என்றார் அக்கா. போன தடவை கடைசியில் அவருடைய கை. அதை அவர் சொல்லவில்லை.

ஃபாரத்தை மேஜையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்வரை சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. தாளை வாங்கி மடித்துக்கொண்டேன்.