ஹோல்ட்காம்ப் பண்ணைக்கு அப்பாவுடன்

செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணியளவில் ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து புறப்பட்டோம். காரை ஓட்டியவர் சேவியர் அண்ணை. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, முப்பது வருடங்களுக்கு மேலாக இங்கே தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஹம்மில் இருக்கும் என் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர். முன் இருக்கையில் என் அப்பா. மட்டக்களப்பில் பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர்.

எங்கள் குடும்பப் பெயர் ஹோல்ட்காம்ப். ஒல்லாந்தர் காலத்தில் கம்பெனிப் படையோடு மட்டக்களப்புக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்ட ஜெர்மன்காரர் ஒருவரின் பெயர் அது. அவர் இந்த வெஸ்ட்ஃபாலியாப் பக்கத்தவர் என்பது வரை வீட்டில் வாய்வழியாகச் சொல்லி வந்தார்கள். சில காலத்துக்கு முன் ஆஸ்திரேலியாவிலுள்ள உறவினர்கள் வம்ச வரைபடம் ஒன்று தயாரித்தபோது எங்கள் கிளையை விட்டுவிட்டார்கள். அப்பாவின் பாட்டனாரே எடுத்து வளர்க்கப்பட்ட பிள்ளையாம். எங்களுக்குப் பெயர் மட்டும்தான் உண்டு, இரத்தம் இல்லையாம். அப்பா யாரோடும் வாதாடவில்லை. ஆனால் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே இறங்கவுமில்லை. தங்கை ஜெர்மனிக்கு அழைத்தபோதுதான் வாய் திறந்தார்.

"அந்தப் பக்கத்த ஒருக்கா பாத்திட்டு வருவம் புள்ள."

தங்கை தேடியதில், பீலெஃபெல்ட் போகும் வழியில் அதே பெயருடைய பண்ணை ஒன்று அகப்பட்டது. தொலைபேசியில் பேசி எங்களுக்கு டெர்மினும், அதாவது சந்திக்க நேரமும், வாங்கி வைத்தாள்.

ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பெருந்தெருவை விட்டு இறங்கியதும் ஆளுயரச் சோள வயல்கள், இடையிடையே கருவாலி என்கிற ஓக் மரங்கள். ஒடுங்கிய பாதையில் எதிரே வந்த பால் லொறி, எங்களுக்காக ஓரங்கட்டி நின்றது.

"ஒருத்தனும் ஹோர்ன் அடிக்கிறானில்லையே!" என்று அப்பா வியந்தார்.

ஓரிடத்தில் மேசை போட்டுப் பூசணிக்காய் அடுக்கியிருந்தார்கள். விற்க ஆளில்லை. மூன்று யூரோவைத் தகரப் பெட்டியில் போட்டுவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அப்பா திரும்பித் திரும்பி அந்தப் பெட்டியையே பார்த்தார்.

பண்ணை வீடு பெரியது. கறுத்த மரச் சட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சுவர்; வைக்கோல் வண்டி நேரே உள்ளே போகக்கூடிய வாசல். றப்பர் பூட்ஸ் அணிந்த ஓர் அம்மையார் வந்து கை கொடுத்தார். அவர்தான் திருமதி ஹோல்ட்காம்ப். வயது அறுபது இருக்கும். முற்றத்து மேசையில் கோப்பியும், பிளம்ஸ் பழம் பதித்த கேக்கும் காத்திருந்தன.

அப்பா உட்காரவில்லை; சேவியர் அண்ணையின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, முதல்ல இதச் சொல்லுங்க. நாங்க இரத்தத்தில இல்லையாம். என்ட பாட்டனார எடுத்து வளத்ததாம். மறைச்சுப்போட்டு இவங்கட வீட்டில கோப்பி குடிக்க எனக்கு ஏலாது."

சேவியர் அண்ணை சற்றுத் தயங்கி, மெதுவாக மொழிபெயர்த்தார். திருமதி ஹோல்ட்காம்ப் கேட்டுவிட்டு, அப்பாவின் முழங்கையைப் பிடித்து வாசலடிக்கு அழைத்துப் போனார். மேலே உத்தரத்தில் ஓர் ஆணின் பெயரும் பெண்ணின் பெயரும் செதுக்கப்பட்டிருந்தன. அவர் விரலால் சுட்டிக்காட்டிப் பேச, சேவியர் அண்ணை சொன்னார்:

"ஐயா, இந்த வீட்டைக் கட்டினவரே பிறப்பில வேற பேர்க்காரராம். இஞ்ச பொம்பிளை எடுத்து, பண்ணையைப் பொறுப்பெடுத்தவர். பண்ணை ஆரிட்டப் போகுதோ அவருக்குத்தான் பண்ணையின்ர பேராம். இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம் எண்டுறா. இவவின்ர மனுசனும் கலியாணத்தில இவவின்ர பேரைத்தான் எடுத்தவராம்."

"அப்ப இரத்தம்?"

"அதை ஆர் பாத்தது எண்டு கேக்கிறா."

அப்பா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

எங்கள் மூதாதை இந்தப் பண்ணையிலிருந்துதான் போனாரா என்று அந்த அம்மையாரால் சொல்ல முடியவில்லை. இதே பெயரில் வேறு பண்ணைகளும் உண்டாம். ஆனால் பிள்ளைகளில் ஒருவனுக்குத்தான் நிலம் கிடைக்கும். மற்றவர்கள் பிழைப்புத் தேடி ஒல்லாந்துக்குப் போவது அந்நாளில் சாதாரணம் என்றார். 'ஹோல்ட்' என்றால் காடாம், 'காம்ப்' என்றால் வேலியடைத்த வயலாம்.

கோப்பி குடித்து முடிக்கையில் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரில் வந்தார். "ஹெர் ஹோல்ட்காம்ப், இலங்கையிலிருந்து" என்று அம்மையார் அப்பாவை அறிமுகப்படுத்தினார். வந்தவர் கொஞ்சமும் வியப்பில்லாமல் கை குலுக்கி, ஓட்டத் தெரியுமா என்று டிராக்டரைக் காட்டினார். எழுபத்திரண்டு வயது அப்பா ஏறி உட்கார்ந்தார். அந்த மனிதர் பக்கத்தில் தொற்றிக்கொள்ள, அறுவடை முடிந்த வயலின் ஓரமாக ஒரு சுற்று ஓட்டி வந்தார். இறங்கியதும் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, விரல்களால் நசுக்கிப் பார்த்தார்.

எங்கள் ஊரில் ஒருவர் பெயரைச் சொன்னால், யாருடைய பிள்ளை என்றுதான் அடுத்துக் கேட்போம். இங்கே எந்த நிலம் என்று கேட்டிருக்கிறார்கள். வந்து உழைத்தவனைத் தம்மவனாக்கிக்கொள்ள அவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

மூன்று மணிக்கு விடைபெற்றோம். கார் கருவாலி மரங்களைத் தாண்டும்வரை அப்பா விரலில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட ஊர் படுவான்கரை மண்ணவிடக் கறுப்பு. நல்ல மண்" என்றார் பிறகு. "இத விட்டிட்டுக் கப்பல் ஏற அந்தாளுக்கு மனசு எப்பிடி இருந்திருக்கும்?"

அவர் யாரிடமும் குறிப்பாகக் கேட்கவில்லை. ஆனாலும் மன்னாரை விட்டு வந்த சேவியர் அண்ணை, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓம் ஐயா" என்றார்.